ஆபரேஷன் வார்டு வாசலில் வேப்பிலை

நர்சிங் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். என்னையும் எழுதச் சொன்னார்கள். அஞ்சாவது வரைக்கும்தான் படித்திருக்கிறேன், எழுத வராது என்றேன். "பேசற மாதிரியே எழுதுங்க லூர்தம்மா, நாங்க திருத்திக்கறோம்" என்றார்கள். ரொம்பத் திருத்த வேண்டாம்.

காரணம் இதுதான். போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனபோது மயக்க மருந்து டாக்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆபரேஷனும் மயக்க மருந்தும் சேர்ந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்ச நாளைக்கு இறக்கிவிடும் என்றார். வெள்ளை அணு சரியாக வேலை செய்யாதாம். போர்டில் படம் போட்டார். எங்கள் டாக்டர் இதை வேறு மாதிரி சொல்வார் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன். பிடித்துக்கொண்டார்கள்.

நான் முதலில் திண்டிவனத்தில், கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் துணி துவைக்கச் சேர்ந்தேன். அப்புறம் துணி மடிப்பது. அப்புறம் அதை டிரம்மில் அடுக்கி ஆவியில் வேக வைப்பது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தப்பு செய்தால் திட்டு விழும். அப்படிக் கற்றதுதான். ஐம்பதுகளின் நடுவில் அதே சபையார் விழுப்புரத்தில் ஆபரேஷன் தியேட்டரோடு ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டினார்கள். என்னை அங்கே அனுப்பினார்கள். ரிட்டையர் ஆகிற வரைக்கும் அங்கேதான்.

டாக்டர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். நம்ம பக்கத்து ஆள்தான், இந்து. அதிகம் பேசமாட்டார். தியேட்டரில் ஒரு விரல் காட்டினால் கத்தரி, ரெண்டு விரல் காட்டினால் நூல். யாராவது இருமினால் கையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்ப்பார். அவ்வளவுதான். இருமினவர் வெளியே போய்விட வேண்டும். ஒருமுறை அவருக்கே தும்மல் வந்தது. அவரே எழுந்து வெளியே போய், முகமூடி மாற்றி, முழங்கை வரைக்கும் மறுபடி பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆளைச் சோதிப்பது தனிக் கூத்து. மாடு வாங்குகிறவர் மாதிரி பார்ப்பார். பல்லைப் பார்ப்பார், காதில் டார்ச் அடிப்பார், கால்விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பார். சேற்றுப்புண் இருந்தால் தேதி தள்ளிப்போகும். சளி, சிரங்கு, சொத்தைப் பல் எது இருந்தாலும் தள்ளிப்போகும். ஒரு மணியக்காரர் கேட்டேவிட்டார்.

"அறுக்கப் போறது வயித்த. பல்லுக்கும் அதுக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

அவர் நிலக்கடலை போடுகிறவர். அப்போதுதான் டாக்டர் அதைச் சொன்னார்.

"மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் போடறீங்க இல்ல? நரி தினமும் வேலியாண்டதான் சுத்துது. காவக்காரன் முழிச்சுக்கினு இருக்கறதால உள்ள வரல. உடம்புலயும் அப்படி ஒருத்தன் இருக்கான். நான் மயக்க மருந்து குடுத்தா உங்களோட சேந்து அவனும் தூங்கிடுவான். நீங்க சாயங்காலம் எழுந்துக்குவீங்க. அவன் எழுந்துக்கப் பல நாள் ஆவும். அதுக்குள்ள உங்க பல்லுல இருக்கற நரி கொல்லையில பூந்துடும்."

மணியக்காரர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

மயக்க மருந்து என்றால் அப்போது ஈதர். கம்பி வலை முகமூடி, அதன்மேல் காஸ் துணி. கண்ணைச் சுற்றி வாசலின் தடவி, ஈரத் துணி போட்டு மூடுவோம். ஒரு சிஸ்டர் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். ஆளின் தாடையைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. பிடி விட்டால் நாக்கு உள்ளே போய் மூச்சு அடைக்கும். முழு மயக்கம் வருவதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. உதைப்பார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். தினம் பூசை பார்க்கிற உபதேசியார் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. முழித்ததும், "நான் ஏதாச்சும் பேசினேனா?" என்றார். "ஜெபம் சொன்னீங்க" என்றேன்.

முடிந்த பிறகு நடுக்கம் வரும். கம்பளி போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைப்போம். டாக்டர் சோடா பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் குழாய் விட்டு, குமிழ் வருகிற மாதிரி ஊதச் சொல்வார். ஊதினால் நெஞ்சில் சளி கட்டாது. காயம் வலிக்கிறது என்று ஊதமாட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊத வைப்பேன்.

இதெல்லாம் செய்தும் ஒன்றை மட்டும் அடக்க முடியவில்லை. பார்க்க வருகிற சனம். ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் ஊரே பஸ் ஏறி வரும். வராவிட்டால் மரியாதை இல்லை. மூக்கு ஒழுகும் குழந்தையைக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார வைப்பார்கள். கட்டைத் தூக்கிக் காயத்தைப் பார்ப்பார்கள். டாக்டர் 'உள்ளே வரக் கூடாது' என்று போர்டு எழுதி மாட்டினார். படிக்கத் தெரிந்தவர்களும் படிக்கவில்லை. நான் வாசலில் நின்று தடுத்தால், "ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறேன் ஆயாம்மா" என்று என் கைக்குக் கீழே நுழைவார்கள்.

அப்போது கெடார் பக்கத்து ஆள் ஒருவர் குடலிறக்கத்துக்கு வந்தார். ஏர் ஓட்டுகிறவர், நல்ல உடம்பு. எல்லாச் சோதனையும் முடிந்தது. வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார்கள். ஆபரேஷன் சுத்தமாக நடந்தது. சில நாளில் காய்ச்சல் அடித்தது, பிறகு உடம்பு முழுக்க அம்மை. சின்னம்மைதான், பெரியம்மை இல்லை. சாதாரணமாக ஆள் எழுந்துவிடுகிற நோய். இவருக்குக் காயத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வந்தது. நுரையீரலுக்கும் போனது. இறந்துவிட்டார்.

அவர் சம்சாரத்திடம் டாக்டர் கேட்டார். அம்மை எங்கேயிருந்து வந்திருக்கும்?

"எங்க ஊட்லதான் புள்ளைக்கு வந்து எறங்கியிருந்தா."

"நான் கேட்டேனே, வீட்ல நோய் இருக்கான்னு?"

"நோயி இல்லியே சாமி. ஆத்தா வந்தா நோயின்னு சொல்லுவாங்களா?"

அந்தம்மாள்மேல் தப்பு இல்லை. அம்மை வந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே கிடையாது. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் தெருவிலும் அப்படித்தான். அன்றிலிருந்து டாக்டர் கேள்வியை மாற்றினார். நோய் உண்டா என்று கேட்ட பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக ஒன்று கேட்பார். "ஊட்லயோ, பக்கத்து ஊட்லயோ அம்மா வந்திருக்காளா?"

அடுத்த வருஷம் அஞ்சலை வந்தாள்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம், கரும்பு வைத்திருந்த குடும்பம். இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். வயிறு நிறைமாசம் மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளை இல்லை. கர்ப்பப்பை பக்கத்தில் நீர்க்கட்டி. வருஷக்கணக்காக வளர்ந்திருந்தது. படுத்தால் மூச்சு வாங்கும். சுவரில் சாய்ந்துதான் தூங்குவாள். தெருவில், "யானக்குட்டி பெக்கப் போறா, அதான் நாளாவுது" என்று கிண்டல் செய்தார்களாம். கட்டி முறுக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். கூட வந்தவர் மாமியார். அந்த வீட்டில் மாமியார் சொன்னால்தான் எதுவும். ஆபரேஷனுக்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே வீட்டில் ஒரு வருஷம் ஆனதாம்.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலைதான் வாய் திறந்தாள்.

"ஓரகத்தி புள்ளைங்க ரெண்டுத்துக்கும்..."

"வாய மூடுடி."

"நேத்து கூட நான்தான் வேப்பிலையால தடவி வுட்டுக்கினு இருந்தேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "இப்ப அறுக்க முடியாதும்மா. உன் உடம்புல அது வந்து ஒளிஞ்சுக்கினு இருக்கலாம். மூணு வாரம் போவணும். வந்தா வந்து எறங்கட்டும். வராட்டியும் சரி. அப்புறம்தான் ஈதர்."

காவக்காரன் கதையைச் சொன்னார். மாமியார் கேட்டார், "அப்ப மயக்கம் குடுக்காம அறுத்துடுங்க. அவன் தூங்கமாட்டான் இல்ல?"

"கத்தி வெச்சாலே பாதி தூங்கிடுவான் அவன்."

"ஒண்ணுத்துக்கும் ஒதவாத காவக்காரனா இருக்கானே" என்றார் மாமியார். டாக்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மாமியார் மூட்டையைக் கட்டிவிட்டார். அஞ்சலை என் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, இப்ப ஊட்டுக்குப் போனா திரும்ப இட்டாரமாட்டாங்க. எனக்குத் தெரியும். நான் போமாட்டேன்."

அதுவும் நிஜம்தான். எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். வார்டில் வைக்கவும் முடியாது. அங்கே அறுத்துப் படுத்திருக்கிறவர்களுக்குத் தொத்தும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கிணற்றடியில் ஓலை ஷெட்டு ஒன்று இருந்தது. அங்கே இருக்கட்டும் என்றார் டாக்டர். மாமியார் முணுமுணுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். வீட்டில் அம்மை இறங்கின பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர். அவருக்கும் இருக்க முடியாது.

எனக்குச் சின்னம்மை சிறு வயதிலேயே வந்து போயிருந்தது. அதனால் ஷெட்டு என் பொறுப்பு. "ஷெட்டுக்குப் போய்க்கினு இருக்கற வரைக்கும் தியேட்டர் பக்கம் வராதே லூர்து" என்றார் டாக்டர். தியேட்டர் பக்கம் நான் போகவில்லை.

அஞ்சலை தினம் காலையில் எழுந்ததும் கையை நீட்டுவாள். "பாருக்கா, முத்து போட்டிருக்கா?"

"இல்ல."

"இந்த ஆத்தா ஜல்தியா வந்து போனா இன்னா? வேண்டாங்கறவங்களுக்கு வர்றா. வான்னு கூப்புடறேன், வரமாட்டேங்கறா."

அம்மை வா என்று வேண்டிக்கொண்ட ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் வந்தார். ஷெட்டில் நாற்காலி இல்லை. கிணற்றடி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவள் வயிற்றில் கை வைத்தார்.

கை எடுக்கவில்லை. கட்டி முறுக்கியிருந்தால் அப்போதே அறுக்க வேண்டும். அறுத்தால், கெடார் ஆளுக்கு ஆன மாதிரி ஆகலாம். அறுக்காவிட்டால் கட்டியே கொன்றுவிடும். "தியேட்டர்ல தண்ணி கொதிக்க வெக்கச் சொல்லு" என்றார். வெளியே நின்றே சொல்லிவிட்டு வந்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அஞ்சலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் ஓலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குக் காற்றுப் பிரிந்தது. நல்ல சத்தமாக. வலி நின்றுவிட்டது.

"மத்தியானம் இன்னா சாப்ட்ட?" என்றார் டாக்டர்.

"மொச்சக்கொட்ட."

"யார் குடுத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். எழுந்து கை கழுவப் போய்விட்டார். தண்ணீர் வீணாகக் கொதித்தது.

அதற்கு அடுத்த வாரம் நெற்றியில் மூன்று முத்து. பிறகு மார்பில், முதுகில். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, சின்னம்மைதான் என்றார். ஈதரும் கத்தியும் படாத உடம்பு. காய்ச்சல் வந்தது, போனது. கெடார் ஆளை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு, இது வேறு.

மாமியாருக்குத் தகவல் போனது. வந்தார். வந்ததும், "கெளம்புடி" என்றார்.

டாக்டர் கும்பிட்டார். "அம்மா இங்கதான் வந்து எறங்கியிருக்கா. இங்கயே தண்ணி ஊத்தி அனுப்பி வைங்களேன்."

"கத்தியும் ரத்தமுமா இருக்கற எடத்துல ஆத்தா தங்குவாளா?"

"ஒரு வாரமா தங்கியிருக்காளே. நாங்க ஒண்ணும் கொறை வெக்கல. கேட்டுப் பாருங்க."

மாமியார் ஷெட்டைச் சுற்றி வந்து பார்த்தார். நான் கூட்டி மெழுகி வைத்திருந்தேன். அஞ்சலை வேப்பிலைமேல் படுத்திருந்தாள். வாசலில் வேப்பங்கொத்து இல்லை. அதற்கு என்னைத் திட்டினார். தானே ஒடித்துவந்து கட்டினார். கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். மூன்று தண்ணீரும் கிணற்றடியிலேயே ஊற்றினார்.

பொருக்கு உதிர்ந்தது. உடம்பு தேறட்டும் என்று டாக்டர் இன்னும் சில வாரம் காத்திருந்தார். தேதி வைக்கப் போகும்போது மாமியார் மறுபடி நின்றார். ஆத்தா வந்துவிட்டுப் போன உடம்பில் கத்தி வைக்கலாமா? திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் என்றார். அஞ்சலையையும் கூட்டிப்போனால் அப்படியே ஊருக்குப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் மருமகளிடம், "நீ இங்கயே கெட. நான் போய் கேட்டுக்கினு வர்றேன்" என்று சொல்லி, தனியாகப் பஸ் ஏறினார். மறுநாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா."

"அவங்க குடுத்தது சரி. நீங்க குடுக்கணும்" என்று டாக்டர் மைப்பெட்டியை நகர்த்தினார். மாமியார் கட்டைவிரலை வைத்தார்.

ஆபரேஷன் அன்று தாடை பிடித்தது நான்தான். மட்டமாகப் படுக்க வைக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. தலைமாட்டை உயர்த்திப் போட்டோம். ஈதர் கட்டத்தில் அஞ்சலை யாரையும் திட்டவில்லை. "யானக்குட்டி, யானக்குட்டி" என்று சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் கட்டியை உடைக்காமல், நீரை மெதுவாகக் குழாயில் எடுத்தார். ஒரு குடம் இருக்கும். பிறகு பையை வெளியே எடுத்தார். வயிறு பள்ளமாகிவிட்டது.

வார்டுக்கு மாற்றியதும் மாமியாரிடம் டாக்டர் சொன்னார். "இனிமே கொஞ்ச நாளைக்குத்தான் பயம். காவக்காரன் தூங்கறான். வெளியாளு யாரும் உள்ள வரக் கூடாது."

"அம்ம போட்ட ஊடு மாரின்னு சொல்லுங்க."

டாக்டர் யோசித்தார். "ஆமா. அது மாதிரிதான்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் மாமியார். வெளியே போனார். வேப்பங்கொத்தோடு வந்தார். வார்டு நிலைவாசலில், டாக்டர் போர்டுக்கு மேலேயே கட்டினார்.

சந்தை நாள். திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் ஒரு கூட்டம் வந்தது. அஞ்சலை புருஷன், அவள் அம்மா, சித்தி, இடுப்பில் பிள்ளைகள். நான் வாசலில் கையை விரித்து நின்றேன். தேவைப்படவில்லை. வேப்பிலையைப் பார்த்தார்கள். நடை நின்றது. செருப்பைக் கழற்றினார்கள். அஞ்சலையின் அம்மா வெளியே நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாங்கிவந்த பழத்தைத் தரையில் வைத்துவிட்டு எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். அஞ்சலை படுத்தபடி பார்த்தாள். அந்த வாரம் வேறு கட்டில்களுக்கு வந்தவர்களும் அப்படியே திரும்பினார்கள். வார்டில் இருமல் சத்தமே இல்லை.

சிஸ்டர்களுக்குத் தலைவியான மதர் சுற்றிப் பார்க்க வந்தார். கொத்தைப் பார்த்து, "இது என்ன டாக்டர்?" என்றார்.

"டிஸ்இன்ஃபெக்டன்ட் மதர்" என்றார் டாக்டர், முகம் மாறாமல். மதர் என்னைப் பார்த்தார். நான் தரையைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். போய்விட்டார். அப்புறம் யாரும் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. வாடினால் நான் மாற்றுவேன்.

அஞ்சலைக்குக் காய்ச்சல் வரவில்லை. சீழ் வைக்கவில்லை. சோடா பாட்டிலை ஊது என்றால் மாமியாரும் சேர்ந்து ஊதுவார். தையல் பிரித்த அன்று, இனி யார் வேண்டுமானாலும் வரலாம், கொத்தை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"எப்படி எடுப்பாங்க? தண்ணி ஊத்தாம வேப்பல எடுக்கற பழக்கம் இல்ல."

"இது அம்மை இல்லம்மா. ஆபரேஷன். காயத்துல தண்ணி படக் கூடாது."

"நீங்கதான அம்ம ஊடு மாரின்னீங்க?"

"மாதிரின்னுதான் சொன்னேன்."

"மாதிரிக்கி ஒரு சொம்பாவது ஊத்தணும்."

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ரப்பர் ஷீட் கொண்டுவரச் சொன்னார், பெரிய தியேட்டர் ஏப்ரன் ஒன்றும். அஞ்சலையைக் கட்டில் ஓரம் உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிக் கட்டினோம். டாக்டர் தன் கையாலேயே வயிற்றின்மேல் இன்னொரு ஷீட் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் தலையைத் தாங்கி பேசினுக்கு மேல் குனிய வைத்தேன். மாமியார் மஞ்சள் தண்ணீரை உச்சியில் ஊற்றினார். பாதி டாக்டர் சட்டையில் போனது.

அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் போட்ட எடம் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே, மஞ்சள் தண்ணீர் மூக்கில் ஒழுகச் சிரித்தாள். டாக்டர் ஷீட்டைத் தூக்கிக் காயத்தைப் பார்த்தார்.

காயம் பிரியவில்லை. ஈரமும் படவில்லை.